வேருக்கு யார் சாட்சி?

எந்த அலுவலகத்திலும் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வாரத்திலேயே கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. லீவு விண்ணப்பிக்கும் தளத்தையோ சம்பளச் சீட்டு பார்க்கும் தளத்தையோ பிரவுசரில் திறப்பார். திரையில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வரும்: உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல, யாரோ உங்கள் கடவுச்சொல்லைத் திருட முயலலாம். அவர் திகைத்து நிற்பார். பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்து, "அது அப்படித்தாங்க வரும். கீழ அட்வான்ஸ்டுன்னு இருக்கு பாருங்க, அதை அமுக்கி ப்ரொசீட் குடுத்துடுங்க" என்பார்.

ஒரு வாரத்தில் அந்தச் சிவப்பு அவர் கண்ணுக்கே தெரியாது. விரல் தானாகப் போய் அமுக்கும். அதே அலுவலகம் வருஷத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வகுப்பு நடத்தி, எச்சரிக்கை வந்தால் தாண்டாதீர்கள் என்று சொல்லி, கேட்டதற்குச் சாட்சியாகக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளும். வகுப்பில் சொல்வது ஒன்று, தினமும் பழக்குவது இன்னொன்று. பழக்கம்தான் ஜெயிக்கும். நாளைக்கு உண்மையிலேயே எவனாவது நடுவில் உட்கார்ந்து பாஸ்வேர்டைப் பிடுங்கினால், அவர் பார்க்கப்போவதும் இதே சிவப்புத் திரையைத்தான், செய்யப்போவதும் இதே காரியத்தைத்தான். அப்போது குற்றம் யாருடையது?

நான் புதுச்சேரியில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்தச் சிவப்புத் திரையை அகற்றும் வேலை என் தலையில் பலமுறை விழுந்திருக்கிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அரை நாள் வேலை. ஆனால் அந்த அரை நாள் வேலைக்குள் ஒரு பெரிய கேள்வி உட்கார்ந்திருக்கிறது. 'என்னை நம்பு' என்று இன்னொருவரிடம் கேட்கிறவனுக்கு என்ன கடமை? அதுவும், தான் எதை நம்பச் சம்மதிக்கிறோம் என்று அந்த இன்னொருவருக்குப் புரிய வழியே இல்லாதபோது?

*

கொஞ்சம் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தளத்தோடு பிரவுசர் பேசும்போது இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, நடுவில் யாரும் ஒட்டுக்கேட்கக் கூடாது. இரண்டு, எதிரில் இருப்பவர் தான் சொல்லிக்கொள்ளும் ஆள்தானா என்று தெரியவேண்டும். முதலாவதைக் கணிதம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதற்குக் கணிதம் மட்டும் போதாது, சாட்சி வேண்டும். ரகசியம் பேச யாரும் நுழைய முடியாத இருட்டறை கிடைத்துவிட்டது, சரி. ஆனால் அந்த இருட்டில் எதிரே உட்கார்ந்திருப்பது யார்?

சான்றிதழ் என்பது அந்தச் சாட்சியம். 'இந்தப் பெயருக்குரிய சாவி இதுதான்' என்று ஒரு மூன்றாமவர் கையெழுத்திட்டுத் தரும் சீட்டு. அந்த மூன்றாமவரை எப்படி நம்புவது? அவருக்கு நாலாமவர் ஒருவர் கையெழுத்திட்டிருப்பார். இப்படியே மேலே போனால் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். அந்த இடத்துக்கு வேர்ச் சான்றிதழ் என்று பெயர். உங்கள் லேப்டாப்பிலும் போனிலும் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட வேர்கள் வாங்கும்போதே இருக்கின்றன. அவற்றை நீங்களோ நானோ தேர்ந்தெடுக்கவில்லை. மைக்ரோசாஃப்டும் ஆப்பிளும் கூகிளும் மோசில்லாவும் தேர்ந்தெடுத்தவை.

வெளியுலகத் தளங்களுக்கு இந்த ஏற்பாடு போதும். அலுவலகத்தின் உள்தளங்களுக்குத்தான் சிக்கல். அவற்றுக்குப் பெரும்பாலும் 'பேரோல்', 'மெயில்', 'எச்ஆர்.லோக்கல்' என்ற மாதிரி பெயர் வைத்திருப்பார்கள். இந்தப் பெயர்களுக்கு வெளியே சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது. 'மெயில்' என்ற பெயரில் எத்தனையோ ஆயிரம் அலுவலகங்களில் சர்வர் இருக்கும். ஒரு அலுவலகத்துக்குக் கொடுத்த சான்றிதழை இன்னொரு அலுவலகத்துக்குள் எடுத்துப்போய் ஆள்மாறாட்டம் செய்யலாம். அதனால், சான்றளிக்கும் நிறுவனங்களும் பிரவுசர் தயாரிப்பாளர்களும் சேர்ந்த கூட்டமைப்பு 2015 நவம்பர் 1ஓடு இத்தகைய உள்பெயர்களுக்குச் சான்றிதழ் தருவதை முடிவுக்குக் கொண்டுவந்தது. மிச்சமிருந்தவற்றையும் 2016 அக்டோபர் 1க்குள் ரத்து செய்யச் சொன்னது.

ஆகவே அலுவலகங்கள் என்ன செய்கின்றன? தாங்களே ஒரு வேரை உருவாக்கிக்கொள்கின்றன. ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இரண்டு மூன்று கட்டளைகள், அவ்வளவுதான். ஒரு சாவி, அந்தச் சாவியாலேயே அதற்கு ஒரு கையெழுத்து. இந்த வேரை எல்லாருடைய கணினியிலும் 'நம்பத்தகுந்தவர்' பட்டியலில் சேர்க்க வேண்டும். விண்டோஸ் கணினிகளுக்கு க்ரூப் பாலிசி வழியாக ஒரே இரவில் தள்ளிவிடலாம். மறுநாள் காலையில் சிவப்பு போய்ப் பூட்டுச் சின்னம் வந்திருக்கும். எல்லாருக்கும் சந்தோஷம்.

ஆனால் அந்த இரவில் நடந்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். நம்பத்தகுந்தவர் பட்டியல் 'எந்த விஷயத்தில் நம்ப வேண்டும்?' என்று கேட்பதில்லை. அதில் இடம்பிடித்த வேர், லீவுத் தளத்துக்கு மட்டுமல்ல, உங்கள் வங்கியின் பெயருக்கும் ஜிமெயிலின் பெயருக்கும் கையெழுத்துப் போடலாம். போட்டால், உங்கள் பிரவுசர் மறுபேச்சில்லாமல் பூட்டுச் சின்னம் காட்டும். இதில் ஒரு விசித்திரமும் உண்டு. வெளியுலகச் சான்றளிப்பு நிறுவனம் தான் தரும் சான்றிதழ்களைப் பொதுப் பதிவேட்டில் ஏற்றாவிட்டால் க்ரோம் ஏற்காது. அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். உள்ளூரில் நிறுவிய வேருக்கு அந்த விதி கிடையாது. அது கொடுத்த சான்றிதழ் எங்கேயும் பதிவாகாது. பெரிய நிறுவனத்துக்கு இல்லாத சுதந்திரம், மூன்றாவது மாடி சர்வர் அறையில் கிடக்கும் ஒரு கோப்புக்கு இருக்கிறது.

*

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சிறிய நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) இந்த வேலை என்னிடம் வந்தது. அறுபது பேர். லீவு, சம்பளம், செலவுக் கணக்கு எல்லாம் உள்தளங்களில். லேப்டாப் நிறுவனம் கொடுத்தது, போன் அவரவருடையது. லேப்டாப்பிலும் போனிலும் வேரை நிறுவ வேண்டும் என்பது உத்தரவு.

கணக்குப் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். இருபது வருஷ அனுபவம், டேலியில் அவருக்குத் தெரியாதது இல்லை. என்னிடம் போனைக் கொடுக்கும் முன் ஒரு நிமிஷம் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி, இதைப் போட்டா என்ன ஆகும்?"

"உள்தளமெல்லாம் எச்சரிக்கை இல்லாம திறக்கும்கா."

"அது தெரியுது. வேற என்ன ஆகும்? நான் இதுல பேங்க்ல பணம் போடுறேன், என் பொண்ணோட பேசுறேன். அதையெல்லாம் இவங்க பாக்க முடியுமா?"

நேர்மையான பதில், 'பார்க்க மாட்டார்கள், ஆனால் பார்ப்பதற்கான ஒரு கதவை இது திறந்து வைக்கிறது' என்பதுதான். ஆண்ட்ராய்டு 7க்குப் பிறகு பெரும்பாலான செயலிகள் பயனர் சேர்த்த வேரை நம்புவதில்லை என்பதால் வங்கிச் செயலிக்குப் பயமில்லை. ஆனால் பிரவுசரில் திறப்பதற்கு அந்தத் தடுப்பு இல்லை. இதை அப்படியே சொன்னேன். அவர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "அப்படின்னா நீ முதல்ல உங்க சார்கிட்ட பேசிட்டு வா" என்றார்.

சாரிடம் பேசினேன். அவர் கெட்டவர் அல்ல. யாருடைய போனையும் எட்டிப் பார்க்கும் எண்ணம் அவருக்கு இல்லை. "நம்ம ஆளுங்க நம்மள நம்பலைன்னா எப்படி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் வருத்தம் இருந்தது. நான் யோசித்தது வேறு. நம்பிக்கையைக் கேட்கிறவர் நல்லவரா என்பது பாதிக் கேள்விதான். கேட்கிற அளவு சரியா என்பது மீதிப் பாதி.

*

நம் தர்க்க மரபில் இந்த விஷயம் நெடுங்காலம் அலசப்பட்டிருக்கிறது. நியாய தரிசனத்தில் ஆப்தன் சொல்லும் சொல்லே பிரமாணம். ஆப்தன் யார்? நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இரண்டு தகுதிகள் சொல்கிறார். விஷயத்தை நேரடியாக அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்ப வேண்டும். ரிஷிக்கும் மிலேச்சனுக்கும் இந்த இலக்கணம் பொது என்றும் சொல்கிறார். குலமோ பதவியோ ஒருவரை ஆப்தனாக்குவதில்லை. குறிப்பிட்ட விஷயத்தில் அறிவும் நேர்மையும் சேர்ந்தால் அவர் அந்த விஷயத்தில் ஆப்தன்.

'அந்த விஷயத்தில்' என்பதுதான் முக்கியம். நோய்க்கு மருந்து சொல்லும் வைத்தியர், நிலத்தின் எல்லையையும் சொல்வார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சான்றிதழ்ப் பட்டியலின் கோளாறே இந்த எல்லையை மறந்ததுதான். ஒரு விஷயத்தில் ஆப்தனானவனை எல்லா விஷயத்திலும் ஆப்தனாக்கிவிடுகிறது. என் நிறுவனத்துக்குத் தன் சர்வர் எது என்று நேரடியாகத் தெரியும். அந்த விஷயத்தில் அதைவிடச் சிறந்த சாட்சி உலகத்தில் கிடையாது. ஆனால் அக்காவின் வங்கி எது என்று சொல்ல அதற்கு என்ன அறிவு இருக்கிறது, என்ன உரிமை இருக்கிறது?

இன்னொரு பழைய வழக்கும் இங்கே பொருந்தும். ஓர் அறிவு சரியானது என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது? வெளியிலிருந்து வேறொரு சான்று வேண்டும் என்றார்கள் நையாயிகர்கள். அந்தச் சான்றுக்கு இன்னொரு சான்று, அதற்கு இன்னொன்று என்று போனால் அனவஸ்தை, முடிவே இல்லாத தொடர். ஆகவே அறிவு தன்னளவிலேயே செல்லும், அதைப் பொய்யாக்கும் காரணம் வந்தால் மட்டும் தள்ளுங்கள் என்றார்கள் மீமாம்சகர்கள்.

பிரவுசர் நையாயிகரின் பிள்ளை. சான்று கேட்டுக்கொண்டே மேலே போகும். ஆனால் வேரை அடைந்ததும் மீமாம்சகராகிவிடும். ஏனென்றால் எந்த வேரையும் வேறு யாரும் சான்றளிப்பதில்லை. வேர் தன் கையெழுத்தைத் தானே போட்டுக்கொள்கிறது. உலகின் மிகப் பெரிய சான்றளிப்பு நிறுவனத்தின் வேரும், நான் என் மேசையில் உட்கார்ந்து உருவாக்கிய வேரும் கணித ரீதியாக ஒரே ஜாதிதான். இரண்டும் தனக்குத் தானே சாட்சி. வித்தியாசம் கணிதத்துக்கு வெளியே இருக்கிறது. யார் கண்காணிக்கிறார்கள், தப்பு செய்தால் யார் கேட்பார்கள், பட்டியலிலிருந்து யார் நீக்குவார்கள் என்பதில் இருக்கிறது. நிறுவனத்தின் உள்வேருக்கு இந்த மூன்று கேள்விக்கும் பொதுவாக ஒரே பதில்தான்: யாருமில்லை.

*

கண்காணிப்பு இருந்தாலே தப்பு நடக்கிறதே என்று கேட்கலாம். நடக்கிறது. நம் நாட்டிலேயே நடந்தது.

2000ஆம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் இந்தியாவின் சான்றளிப்பு நிறுவனங்களுக்கெல்லாம் மேலே ஒரு கட்டுப்பாட்டாளர் இருக்கிறார். வருமான வரிக்கும் டெண்டருக்கும் நாம் பயன்படுத்தும் டிஜிட்டல் கையெழுத்தின் வேர் அந்த அலுவலகத்தினுடையது. அந்த வேரை மைக்ரோசாஃப்ட் தன் பட்டியலில் வைத்திருந்தது. அதற்குக் கீழே தேசியத் தகவல் மையத்துக்கும் சான்றளிக்கும் அதிகாரம் இருந்தது. 2014 ஜூலை 2 அன்று, கூகிளின் பெயருக்கு கூகிள் கேட்காத சான்றிதழ்கள் அந்த மையத்தின் வழியாக வெளிவந்திருப்பதை கூகிள் கண்டது. மறுநாளே கட்டுப்பாட்டாளர் மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். வழங்கும் முறைக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள், தவறாகப் போனவை நான்கே சான்றிதழ்கள், மூன்று கூகிளுக்கு, ஒன்று யாஹூவுக்கு என்று விளக்கம் வந்தது. இந்த நான்கில் சேராத வேறு தவறான சான்றிதழ்களும் தன் கண்ணில் பட்டிருப்பதாகவும், ஆகவே சேதத்தின் அளவு தெரியவில்லை என்றும் கூகிள் வெளிப்படையாக எழுதியது.

அடுத்து கூகிள் செய்ததுதான் எனக்குப் பாடம். இந்திய வேரை க்ரோமிலிருந்து தூக்கி எறியவில்லை. எல்லை கட்டியது. இனி இந்த வேர் ஜிஓவி.இன், என்ஐசி.இன், ஏசி.இன் உள்ளிட்ட ஏழு பெயர்களின் கீழ் வரும் தளங்களுக்கு மட்டுமே சாட்சி சொல்லலாம், மற்றதற்குச் சொன்னால் செல்லாது. இந்திய அரசின் தளம் எது என்று சொல்ல இந்திய அரசே சிறந்த ஆப்தன், கூகிள் எது என்று சொல்ல அல்ல. வாத்ஸ்யாயனர் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

ஒரு தேசத்தின் வேரை ஓர் அந்நியக் கம்பெனி எல்லை கட்டுவதா என்ற கேள்வியும் நியாயமானதுதான். 2023 ஆகஸ்டில் மத்திய அரசு உள்நாட்டு பிரவுசர் ஒன்றை உருவாக்க 3.41 கோடி ரூபாய்க்குப் போட்டி அறிவித்தது. கட்டுப்பாட்டாளரின் வேரை அந்த பிரவுசர் நம்ப வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. 2025 மார்ச்சில் முதல் பரிசு ஜோஹோவுக்குப் போனது. பெருமைப்படலாம். ஆனால் நம்முடைய வேர் என்பதால் மட்டும் அதற்கு எல்லை வேண்டாம் என்றாகிவிடாது. 2019இல் கஜகஸ்தான் அரசு தன் குடிமக்களைத் தேசிய வேர் ஒன்றை நிறுவச் சொன்னது. அதுவும் அவர்கள் தேசத்து வேர்தான். மக்கள் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க அது உதவியது. அந்த ஆகஸ்டில் கூகிளும் மோசில்லாவும் ஆப்பிளும் அதைத் தடுத்தன.

கெட்ட எண்ணம் இல்லாமலும் கெடுதல் வரும். 2015 பிப்ரவரியில் லெனோவோ லேப்டாப்புகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் ஒரு வேரோடு சேர்த்து விற்கப்பட்டது தெரியவந்தது. நோக்கம் விளம்பரம் காட்டுவதுதான். ஆனால் எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரகசியச் சாவி. ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் சில மணி நேரத்தில் அதை வெளியே எடுத்துவிட்டார். அதன் பிறகு காபிக் கடை வைஃபையில் உட்கார்ந்திருக்கும் எவனும் அந்த லேப்டாப்காரரின் வங்கியாக நடிக்கலாம் என்றாயிற்று. வேரின் சாவி இருக்கும்வரை, அது வைத்திருப்பவரின் நல்ல எண்ணத்தால் மட்டும் பாதுகாக்கப்படுவதில்லை.

*

புதுச்சேரிக்காரனுக்கு முத்திரைச் சண்டைகள் புதிதல்ல. 1754 ஜனவரியில் சதுரங்கப்பட்டினத்தில் பிரெஞ்சுக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் சமாதானம் பேச உட்கார்ந்தார்கள். கர்நாடகத்தின் மேல் யாருக்கு அதிகாரம் என்பது வழக்கு. டூப்ளேயின் ஆட்கள் பாதுஷா பெயரிலும் தக்காண சுபேதார் பெயரிலும் பத்திரங்களை எடுத்து வைத்தார்கள். எதிர்த்தரப்பு அவை போலி என்றது, முத்திரையையே சந்தேகித்தது. தீர்த்துவைக்க வேண்டியது தில்லி. அந்த வருஷங்களில் தில்லியின் வேரே ஆடிக்கொண்டிருந்தது. பேச்சு முறிந்தது. ஆகஸ்டில் கோதெஹு வந்து இறங்கினார், டூப்ளே பதவி இழந்தார். உச்சியில் இருக்கும் முத்திரைக்கு ஊரில் மதிப்பு போய்விட்டால், கீழே எத்தனை பத்திரம் இருந்தும் பயனில்லை.

இதற்கு மாறான உதாரணமும் இதே ஊரில் உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய, 8 பேர் எதிராக. நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியாவின் கையில். ஆனால் சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் வந்தது. நடுவில் ஏறக்குறைய எட்டு வருஷம் நடைமுறையில் ஒரு வேர், சட்டத்தில் இன்னொரு வேர். ஊர் ஸ்தம்பித்துப் போகவில்லை. பிரெஞ்சு நொத்தேர் எழுதிய வீட்டுப் பத்திரங்கள் ஒரே நாளில் குப்பையாகவில்லை. என் துறையிலும் வேர்கள் இப்படித்தான் மாறுகின்றன. இன்று கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் 2015இல் தொடங்கியபோது அதன் வேரை யாருக்கும் தெரியாது. பழைய நிறுவனம் ஒன்றின் வேர் அதற்கும் சேர்த்துக் கையெழுத்திட்டது. அந்தப் பழைய வேர் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியாவதற்குள் புதியது தன் காலில் நிற்கக் கற்றுக்கொண்டது.

நொத்தேர் என்றதும் எங்கள் வீட்டுப் பழைய பத்திரம் ஞாபகம் வருகிறது. பிரெஞ்சில் எழுதியது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. ஆனாலும் பாட்டி அதைச் சந்தேகித்ததே கிடையாது. சின்ன வயதில் எனக்கு இது அடிமைப் புத்தியாகப் பட்டது. பிறகு அந்த முறையைப் படித்தபோதுதான் அதன் நுட்பம் தெரிந்தது. நொத்தேர் முத்திரை குத்துகிற ஆள் மட்டுமல்ல. பத்திரத்தை இரு தரப்பையும் உட்கார வைத்து வாசித்துக் காட்ட வேண்டும். மூலப்பிரதி அவர் காப்பகத்திலேயே இருக்கும், கட்சிக்காரருக்குக் கிடைப்பது நகல். மூலத்தை ஒருவர் திருத்திவிட்டு வந்து வாதாட முடியாது. பாட்டிக்கு மொழி தெரியாவிட்டாலும், அந்த மொழிக்காரரைக் கட்டிப்போடும் விதிகள் இருந்தன. புரியாதவரை ஏமாற்றாமல் இருப்பதற்கென்றே ஒரு சடங்கு இருந்தது.

*

அக்காவின் போனுக்கு வருகிறேன். நாங்கள் எடுத்த முடிவுகள் நான்கு.

முதலாவது, யாருடைய சொந்தப் போனிலும் எந்த வேரையும் நிறுவுவதில்லை. போனில் திறக்க வேண்டிய இரண்டு தளங்களுக்கு நிறுவனத்தின் பொதுப் பெயரின் கீழேயே பெயர் வைத்து, லெட்ஸ் என்கிரிப்ட்டில் சான்றிதழ் வாங்கினோம். தளத்தை வெளியே திறந்துவிட வேண்டியதில்லை, டிஎன்எஸ்ஸில் ஒரு பதிவு போட்டுப் பெயர் நம்முடையது என்று நிரூபித்தால் போதும். இதற்கும் விலை உண்டு. அந்தப் பெயர்கள் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும், நமக்கு இப்படி ஒரு சம்பளத் தளம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். அந்த விலையை நிறுவனம் கொடுக்கட்டும் என்றேன். வசதி யாருக்கோ விலையும் அவருக்கு.

இரண்டாவது, லேப்டாப்புகளுக்கான உள்வேரில் பெயர் எல்லை. எங்கள் உள்பெயர்களைத் தவிர வேறு எதற்கும் இந்த வேரின் சாட்சியம் செல்லாது என்று சான்றிதழுக்குள்ளேயே எழுதிவிடலாம். அதற்கான இடம் தரத்திலேயே இருக்கிறது, பலர் நிரப்புவதில்லை. வேரிலேயே எழுதிய எல்லையை எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி மதிப்பதில்லை என்பதால் இடைநிலைச் சான்றிதழிலும் எழுதினோம். ஒரு வெளிப்பெயருக்கு வேண்டுமென்றே கையெழுத்துப் போட்டு, பிரவுசர்கள் மறுக்கின்றனவா என்று சோதித்தோம்.

மூன்றாவது, எல்லை எழுதிய இடைநிலைச் சான்றிதழில் கையெழுத்து வாங்கியதும் வேரின் ரகசியச் சாவியை அழித்துவிடுவது. சார் இங்கேதான் தயங்கினார். "நாளைக்கு வேற எதுக்காவது தேவைப்பட்டா?"

"நாளைக்குத் தேவைப்பட்டா நாளைக்கு எல்லாரையும் மறுபடி கேக்கணும் சார். அதுக்காகத்தான் அழிக்கிறோம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "சரி" என்றார்.

நான்காவது, சாவியை உருவாக்கி அழிக்கும்போது பக்கத்தில் சாட்சி. அக்காவைக் கூப்பிட்டோம். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கட்டளையையும் என்ன செய்கிறது என்று தமிழில் சொல்லிக்கொண்டே அடித்தேன். முடிந்ததும் ஒரு தாளில் தேதி போட்டு நாலு வரி எழுதி, நானும் சாரும் அக்காவும் கையெழுத்திட்டோம்.

இது வெறும் நாடகம் என்று ஒரு நண்பர் சொன்னார். "அவங்களுக்குத் திரையில ஓடுறது என்ன புரியும்? நீ முன்னாடியே ஒரு காப்பி எடுத்து வச்சிருந்தா?" அவர் சொல்வது உண்மை. எடுத்திருந்தால் அக்காவால் கண்டுபிடித்திருக்க முடியாது. சாட்சி இருந்ததால் பொய் அசாத்தியமாகிவிடவில்லை. ஆனால் பொய்யின் தன்மை மாறிவிட்டது. யாருமில்லாத அறையில் ஒரு காப்பி எடுத்து வைப்பது ஒரு வசதி, 'எதற்கும் இருக்கட்டும்' என்ற பழக்கம். ஒருவர் முகத்தைப் பார்த்து 'அழித்துவிட்டேன்' என்று சொல்லிக் கையெழுத்திட்ட பிறகு காப்பி வைத்திருப்பது வஞ்சனை. அதே கோப்புதான், செயலின் பெயர் வேறு. புரியாத சாட்சிகூட அந்தப் பெயரை மாற்றிவிடுகிறார். பிரெஞ்சு தெரியாத பாட்டிக்கு முன்னால் வாசித்த நொத்தேருக்கும் இது தெரிந்திருக்கும்.

*

எதிர்வாதத்தையும் அதன் முழு பலத்தோடு பார்க்க வேண்டும். லேப்டாப் நிறுவனத்தின் சொத்து, அதில் எந்த வேரை வைப்பது என்று முடிவெடுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு, வைரஸையும் தகவல் கசிவையும் தடுக்கப் பல நிறுவனங்கள் எல்லா இணைப்பையும் நடுவில் திறந்து பார்க்கின்றன. இதெல்லாம் சரி. 2023ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்கும் நிறுவனத்தை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் ஊழியரின் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாள இடம் தருகிறது. மருத்துவமனை, வங்கி மாதிரி இடங்களில் அப்படித் திறந்து பார்ப்பதற்குக் காரணமும் இருக்கலாம்.

நான் சொல்வது, திறந்து பார்ப்பதென்றால் அதைத் திறந்து பார்ப்பது என்றே சொல்லுங்கள் என்பதுதான். லீவுத் தளத்தின் சிவப்பை அகற்றுகிறோம் என்ற பெயரில் எல்லையற்ற வேரை நட்டுவிட்டு, பிறகு அது இருக்கிறதே என்று கண்காணிப்புக்குப் பயன்படுத்துவது ஒரு காரியத்துக்கு வாங்கிய கையெழுத்தை இன்னொரு காரியத்துக்கு ஒட்டுவது. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதை நம் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எழுதப்போவது நல்ல விஷயம்தான் என்று வாங்குகிறவர் சொல்லலாம், மனதார நம்பவும் செய்யலாம். அதனால் வெற்றுத்தாள் எழுதிய தாளாகிவிடாது.

சொத்துரிமை ஒன்று, நம்பிக்கை வேறு. லேப்டாப்பை வாங்கியதால் நிறுவனத்துக்கு அதன்மேல் அதிகாரம் கிடைக்கிறது. அதிகாரத்தால் ஒரு வேரை நிறுவ முடியும். ஆனால் அந்தப் பட்டியலின் தலைப்பில் இருக்கும் சொல் 'நம்பத்தகுந்தவர்' என்பது. அதிகாரத்தால் செய்ததை நம்பிக்கை என்ற பெயரில் பதிவு செய்கிறோம். அதனாலேயே, அதைச் செய்கிறவருக்கு அந்தச் சொல்லுக்குத் தகுந்தபடி நடக்கும் கடன் வந்து சேர்கிறது.

வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஆராயாமல் நம்பாதே, ஆராய்ந்து நம்பியபின் சந்தேகப்படாதே என்பது அதன் சாரம். அது நம்புகிறவருக்குச் சொன்னது. ஆராய்கிற வசதி நம்புகிறவருக்கு இருந்த காலத்துக்கு அது போதும். இன்று நம்மில் யாரும் தம் போனுக்குள் இருக்கும் நூற்றுச் சொச்சம் வேர்களை ஆராய்ந்து தெளிந்தவர் அல்ல, நான் உட்பட. ஆராயும் பாரம் நம்பச் சொல்கிறவர் பக்கம் நகர்ந்துவிட்டது. எவ்வளவு கேட்கிறேன், எதற்குக் கேட்கிறேன், எத்தனை நாளைக்குக் கேட்கிறேன், யார் பார்க்கக் கேட்கிறேன் என்று அவர்தான் தன்னைத்தானே ஆராய்ந்துகொள்ள வேண்டும்.

'எத்தனை நாளைக்கு' என்பதில் இணைய உலகம் வேகமாக நகர்கிறது. வெளியுலகச் சான்றிதழ்களின் ஆயுள் 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2027 மார்ச் முதல் 100 நாள், 2029 மார்ச் முதல் 47 நாள் என்று 2025 ஏப்ரலில் முடிவாகியிருக்கிறது. என் சகாக்கள் இதை வேலைப்பளு என்று திட்டுகிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. நீ சொன்னது இன்னும் உண்மைதானா என்று ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை சாட்சியைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்கிற ஏற்பாடு அது. உள்வேர்களுக்கு அந்த விதி பொருந்தாது. பத்து வருஷம், இருபது வருஷம் என்று போட்டுவிட்டு, போட்டவர் வேலையை விட்டுப் போனபிறகும் அவை பட்டியலில் உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து யாரும் வந்து கேட்கப்போவதில்லை. உள்ளே இருப்பவர் கேட்டால்தான் உண்டு.

உங்கள் அலுவலக லேப்டாப்பில் அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் பெயரில் ஒரு வேர் இருக்கலாம். அதில் பெயர் எல்லை எழுதியிருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று ஐடி பிரிவில் கேளுங்கள். சண்டை போட வேண்டாம், கேட்டால் போதும். பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்த இடத்தில் வேர்கள் கொஞ்சம் அடக்கமாக வளரும்.